அறுபதாம் படிக்கு மேலே உதிரமானியம்

கருவேலங்கோட்டை நாட்டை முன்னொரு காலத்தில் பெருந்தேவன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். சிரித்தால் ஊரையே தானம் கொடுப்பான். முகம் சுளித்தால் கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்வான். எந்த நாள் எப்படி விடியும் என்பது அரண்மனையில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த நாட்டு ஊர்க்காவல்காரர்களுக்குக் கடுமையான வழக்கம் ஒன்று இருந்தது. காவல் எல்லைக்குள் ஒரு பொருள் களவு போனால் காவல்காரன் அதை மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் தன் வீட்டிலிருந்து ஈடு கட்ட வேண்டும். அதனால் அமைச்சர் செங்கோடர் ஒரு நியாயமும் செய்துவைத்திருந்தார். கள்ளரோடு மோதி ஊனமானவனுக்கு வேலையிலிருந்து விடுதலை உண்டு. உயிர் உள்ளவரை வரியில்லாத நிலமும் உண்டு. அதற்கு உதிரமானியம் என்று பெயர்.

பிரதானி வல்லபராயருக்கு மானியம்கூட உறுத்தவில்லை. அதைச் சொல்லி ஊரார் செங்கோடரை வாழ்த்தியதுதான் உறுத்தியது. நேரம் பார்த்திருந்தார். ஒரு சேவல்கட்டில் அரசனின் சேவல் தோற்றது. வென்ற சேவலுக்குச் சொந்தக்காரன் பேச்சிமுத்து, மானியம் பெற்ற ஒற்றைக்கைக் காவல்காரன்.

சேவலைப் பிடிக்கிற கைக்குத் தடியைப் பிடிக்கத் தெரியாதா என்று பிரதானி அரசன் காதில் போட்டார். மறுநாளே பேச்சிமுத்துவின் நிலம் போயிற்று. காவல் தடி திரும்ப வந்தது. புதுச் சட்டமும் வந்தது. மானியம் கேட்பவன் சபா மண்டபத்தின் அறுபது படிகளையும் யார் துணையும் இல்லாமல் ஏறி வந்து கேட்க வேண்டும். ஏறாதவனின் மனு கேட்கப்படாது. ஏறிவிட்டவன் திடமானவன், வேலைக்குத் திரும்பலாம்.

கடைவீதிக் காவல்காரன் கொம்பையாவுக்கு இந்தச் சட்டம் விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் அவன் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. சட்டம் வந்த சில நாளிலேயே கள்ளரின் உலக்கையடியில் அவனுடைய இடது முழங்கால் நொறுங்கியிருந்தது. அரிவாள் வெட்டில் வலக்கை விரல்கள் மடங்காமல் போயிருந்தன. அதன்பிறகு கடைவீதியில் நடந்த களவுகளுக்கு ஈடாக அவன் வீட்டு மாடு போனது, அண்டா போனது, கதவும் போனது. இனி ஒரு களவு நடந்தால் கொடுக்க எதுவும் இல்லை.

ஆனாலும் போனான். அவனுக்கு முன்னால் மந்தைக் காவல் சடையன் ஏறிக்கொண்டிருந்தான். ஈட்டி பாய்ந்த நெஞ்சு அவனுக்கு. ஐந்து படிக்கு ஒருமுறை இருமினான். கொம்பையா படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கிவைத்தான். முதுகு மேற்படிகளைப் பார்த்திருந்ததால் சடையனின் இருமல்தான் அவனுக்கு வழி காட்டியது. நாற்பதாம் படியில் அந்த இருமல் நின்றது. கொம்பையா அங்கே வந்துசேர்ந்தபோது சடையன் கன்னத்தைக் கல்லில் வைத்துக் கிடந்தான். அவனைத் தாண்டித்தான் மேலே போக வேண்டியிருந்தது.

உச்சி வெயிலில் கொம்பையா சபைக்குள் தன்னை இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஏறி வந்துவிட்டானே, அரசே. காலுக்கு என்ன குறை?" என்றார் பிரதானி.

அரசன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இந்த வேகத்தில் கள்ளனைப் பிடிப்பாயா?"

"அவன் படியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தால் பிடித்துவிடுவேன், மகாராஜா."

அரசன் தொடையைத் தட்டிச் சிரித்தான். சட்டத்தை மட்டும் மாற்றவில்லை. எல்லோரும் செங்கோடரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, பிரதானியார் சொல்வது சரி, இவன் திடமானவன்தான் என்றார். இத்தகைய திடசாலிகளைக் கடைவீதியில் வீணாக்கக் கூடாது. கொம்பையா, பேச்சிமுத்து, போன மாதம் ஏறி வந்த கண் தெரியாத மாசானம், மூவரையும் பிரதானியார் மாளிகைக்கே காவல் போட வேண்டும் என்றார். அரசனுக்கு அந்த வேடிக்கை பிடித்துவிட்டது. பிரதானியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தகுதிச் சான்று அவர் கொடுத்ததுதானே.

வெளியே வந்த அமைச்சரைக் கொம்பையா மறித்தான். "நீங்களுமா சாமி?"

"நடிக்காதே. உன்னால் முடிந்தவரை உண்மையாகக் காவல் செய். அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மூவரும் உண்மையாகவே காத்தார்கள். மாசானம் காலடிச் சத்தம் கேட்டுப் பாய்ந்து பிரதானியின் மைத்துனரைப் பிடித்துக்கொண்டான். பட்டப்பகலில் ஒருவன் வாசலில் இருந்த குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தான், ஓடக்கூட இல்லை. கொம்பையா கத்திக்கொண்டே தரையில் தேய்ந்து தெருமுனை சேர்வதற்குள் அவன் ஆற்றைக் கடந்திருந்தான். பேச்சிமுத்து இன்னொருவனை எட்டிப் பிடித்தான். அவன் உதறிய உதறலில் பேச்சிமுத்துவின் இரண்டு பற்கள் போயின. ஈடு கட்டச் சொல்லிக் கொம்பையாவின் வீட்டுக்குப் போன ஆள், எடுக்க எதுவும் இல்லை என்று திரும்பி வந்தான்.

நான்காம் நாள் பிரதானி சபைக்கு ஓடிவந்தார். களவுக் கணக்கைச் சொல்லக் கொம்பையாவும் விடியலிலிருந்தே மறுபடி படியேறி வந்து சேர்ந்திருந்தான். மூவரையும் உடனே மாற்ற வேண்டும் என்றார்.

"என்ன குறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், பிரதானியாரே. எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும்" என்றார் செங்கோடர்.

ஆத்திரத்தில் பிரதானி ஒன்றையும் விடவில்லை. ஒருவனுக்கு முழங்கால் மடங்காது, விரல் மூடாது. ஒருவனுக்குப் பகலும் இருட்டு. ஒருவனுக்குக் கை இருந்த இடத்தில் வெறும் தோள். இவர்களைக் காவல் போடுவது கள்ளனுக்கு வெற்றிலை வைத்து அழைப்பதற்குச் சமம் என்றும் சொன்னார். எழுத்தர் ஓலையை நீட்ட, கைச்சாத்தும் இட்டார்.

செங்கோடர் ஓலையை அரசனிடம் கொடுத்தார். "மூவரின் மானிய மனுவும் இதோ, அரசே. சான்று சொன்னவர் பிரதானியார்."

அரசன் சிரிக்கத் தொடங்கி, பிரதானியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். மூவருக்கும் நிலம் என்றான். இனி மனுக்களைக் கீழே, முதல் படியில், வெயிலில் உட்கார்ந்து பிரதானியே கேட்க வேண்டும் என்றான். அமைச்சருக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றப் போனான்.

"மகாராஜா, நாற்பதாம் படியில் கிடந்தவன் மனு?" என்று கொம்பையா கேட்டான்.

சடையன் வந்து சேரவில்லை, மனு சொல்லவும் இல்லை என்று பிரதானி முணுமுணுத்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கழற்றிய முத்துமாலை அரசன் கையிலேயே இருந்தது. சடையனுக்குச் சேர வேண்டிய நிலம் அவன் மனைவிக்கு என்றான். பிறகு கொம்பையாவை எப்படி அனுப்புவது என்று தயங்கினான்.

"ஏறத்தான் சட்டம், மகாராஜா. இறங்க ஒன்றும் சொல்லவில்லை. தூக்கச் சொல்லுங்கள்."

அரசனின் சொந்தப் பல்லக்கு வந்தது. இருபது படி இறங்கி நாற்பதாம் படிக்கு வந்ததும் கொம்பையா பல்லக்கை நிறுத்தச் சொன்னான். கல்லை யாரோ நன்றாகக் கழுவியிருந்தார்கள். கீழே முதல் படியில், முன்னமே இறங்கிப் போயிருந்த பிரதானி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மனுவுக்காக வெயிலில் காத்திருந்தார். அவர் இன்னும் சற்றுக் காத்திருக்கட்டும் என்று கொம்பையா அங்கேயே இருந்தான்.