ஒரு சொட்டும் ஊற்றாமல்

முன்னொரு காலத்தில், கடலோரத்து ராஜா ஒருவருக்கு இங்கிலீஷ் பித்துப் பிடித்திருந்தது. துறைமுகத்துக்கு வந்த சீமை வியாபாரியைச் சபையில் உட்காரவைத்து, வாரம் ஒரு சொல் கற்றுக்கொள்வார். அந்த வாரத்துச் சொல் ‘டிரெஞ்ச்’.

“சொட்டச் சொட்ட நனைப்பது என்று பொருள். தெளிப்பது வேறு, இது வேறு மகாராஜா. ஈரம் நூலுக்கு நூல் இறங்கி, இனி இடமில்லை என்று சொட்டத் தொடங்க வேண்டும். மழையில் மாட்டிக்கொண்டவனுக்கும் இதே சொல்தான். குதிரையின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றுவதற்கும் இதுவேதான்” என்றார் வியாபாரி.

“அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்!” என்றார் ராஜா.

பண்டிதர் அகோரமூர்த்தியின் மனம் துள்ளியது. சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் பிச்சாண்டியைத் தொலைக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

“பிச்சாண்டி காட்டட்டும், மகாராஜா. ஆனால் சித்திரை மாதம், கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிறது. ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. முடியாவிட்டால் நாட்டைவிட்டே போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்.”

பிச்சாண்டி தலையைச் சொறிந்தான். “போவதற்கு முன் பண்டிதருக்கு ஒரு மரியாதை செய்ய உத்தரவு வேண்டும்.”

மரியாதை என்றால் பண்டிதருக்கு உயிர். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா முன்னிலையில் போர்த்திய சால்வையை, அவர் எழுந்து போகும்வரை களையக் கூடாது. களைந்தால் சிம்மாசனத்துக்கே அவமானம்.

“கல்விக் கடலே!” என்று பிச்சாண்டி ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்தினான். “கவிச் சிங்கமே!” என்று இன்னொன்று. சபை கைதட்டியது.

“தர்க்கத்தை விட்டுவிட்டாயே அப்பா” என்று பண்டிதரே எடுத்துக்கொடுத்தார்.

“மன்னிக்கணும், தர்க்க மலையே!”

மூன்றாவது சால்வைக்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது. வியர்வை காற்றில் காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கம்பளிக்குள் காற்று ஏது? வியர்வை முதுகில் ஓடி, வேட்டியில் இறங்கி, அங்கும் இடமில்லாமல் வழிந்தது. மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி தரையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“டிரெஞ்ச்! அசல் டிரெஞ்ச்!” என்று வியாபாரி எழுந்தே விட்டார்.

“நான் ஒன்றும் ஊற்றவில்லை மகாராஜா. எல்லாம் பண்டிதரின் சொந்தச் சரக்கு” என்றான் பிச்சாண்டி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். ‘சிரித்த கையோடு எழுந்துவிட வேண்டுமே’ என்று அகோரமூர்த்தி எல்லாத் தெய்வங்களையும் வேண்டினார்.

ராஜா எழவில்லை. “பாவம், பாடுபட்டவர் பண்டிதர் அல்லவா? அவரைச் சும்மா விடலாமா? யாரங்கே! நம் காஷ்மீரத்து இரட்டைச் சால்வையைக் கொண்டுவா!”

பண்டிதர் சொட்டச் சொட்டக் குனிந்து அதையும் வாங்கிக்கொண்டார். ராஜா திண்டில் நன்றாகச் சாய்ந்து, வியாபாரியிடம் அடுத்த வாரத்துச் சொல்லை இன்றைக்கே ஆற அமரச் சொல்லும்படி கேட்டார்.