சேடியின் பார்வை

அம்மன் கோயில் மண்டபச் சுவரில் சித்திரமெல்லாம் எழுதியாகிவிட்டது. கண்கள்தான் பாக்கி. அம்மனுக்குப் பக்கத்தில் பணிவிடை செய்யும் சேடிகள் இரண்டு பேர், ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி. இருவரும் அம்மனையே பார்த்தபடி நிற்க வேண்டும்.

சித்திரக்கார குரு சடையாண்டி தம் சீடர்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"முன்னால நிக்கிறவளுக்குப் பொன்னுரங்கம் கண் எழுதட்டும். பின்னால நிக்கிறவளுக்கு அஞ்சலை. எது நல்லா வருதோ, அதை எழுதினவங்க நாளைக்கு அம்மனுக்குக் கண் திறக்கலாம்."

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. தலை நரைக்கிற வரைக்கும் குருவிடம் கிடந்தவன் அவன். அஞ்சலை போன தையில் வந்தவள். இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாரே!

தூரிகைச் சட்டிக்குள் முதலில் கைவிட்டவன் அவன்தான். அணில்வால் மயிரில் கட்டினதில் ஊசிபோல இருந்ததை எடுத்துக்கொண்டான். அஞ்சலை சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துழாவி, வயிறு பருத்து முனை கூர்ந்த ஒன்றை எடுத்தாள்.

'இமைக்கு இதா? கெட்டாள்' என்று உள்ளுக்குள் சிரித்தான்.

அவள் இமைக்கோடு ஒரே இழுப்பில் ஓடியது. அவனுடையது பாதி வழியில் வறண்டது. தொட்டுத் தொட்டு ஒட்டுப் போட்டான்.

"அஞ்சலை, அந்தத் தூரிகையைக் கொடு."

"எடுத்துக்கோங்கண்ணே. உங்க ஊசியை இங்க தாங்க. எனக்கு இனிமே கருமணியில ஒளிப்புள்ளி வைக்கிறதுதான் பாக்கி."

அது கைக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஒரு கோடு இழுப்பான். அவள் என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பான். கண்ணின் கருமணி வைக்கும்போதும் அப்படியே.

"என்னண்ணே, என் தோள்ல பல்லி ஏதும் ஊருதா?"

அவன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினான்.

கோடெல்லாம் ஒழுங்காகத்தான் விழுந்தது. சாரத்தை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தான். அஞ்சலை எழுதின சேடி அம்மனைப் பார்த்தாள். அவன் எழுதினவளோ அம்மனை விட்டுவிட்டு, ஓரக்கண்ணால் பின்னால் நிற்பவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரு வந்து நின்றார்.

"ஐயா, தூரிகை அளவு தப்பிப்போச்சு. கருமணிக்கு எதை எடுத்திருக்கணும்?"

"சின்னதுலயும் எழுதினே, பெரிசுலயும் எழுதினே. ரெண்டும் உன் கை சொன்னதைத்தான் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் இவ அம்மனைப் பார்க்கலை?"

குரு சுவரைப் பார்த்தார். அவனையும் பார்த்தார்.

"நீ எப்பப்பா பார்த்தே, இவ பார்க்க?"