மேலே வந்த மீன்கள்

அந்தக் கண்ணாடித் தொட்டி ஆசிரமத்துக்கு வந்ததே தற்செயல்தான். வேலை மாற்றலாகி வடக்கே போன ஒரு பக்தர், மீன்களைக் கூட்டிக்கொண்டு ரயிலேற முடியாது என்று தொட்டியோடு கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தொட்டிக்குக் கொஞ்சம் அதிகமாகவே தங்கமீன்கள். குருவின் ஆசனத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அங்கேயே வைத்தார்கள்.

குருவை எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு, தொட்டியைப் பார்த்துக்கொண்ட சீடர் தணிகாசலத்தின் மகள் வயதுதான் இருக்கும். தணிகாசலம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தனை காலம் ஊருக்கு வெளிச்சம் கொடுத்தாயிற்று, இனி தனக்குக் கொஞ்சம் தேடிக்கொள்ளலாம் என்று ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர்.

தினமும் சாயங்காலம் அம்மா பேசுவார். அவர் பேச ஆரம்பித்த சற்று நேரத்தில் மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பேச்சு முடியும்வரை கீழே இறங்காது.

முதலில் கவனித்தது யாரென்று தெரியவில்லை. "மீன்கூட அம்மா பேச்சைக் கேக்க மேல வருது பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், செய்தி பக்கத்து ஊர்வரை போயிற்று. மீன் பார்க்கவென்றே கூட்டம் வந்தது. வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. கோயில் குளத்தில் போடுகிற பழக்கத்தில் பொரி கொண்டுவந்து தொட்டியில் போட்டார்கள். வேண்டுதல் என்று சொல்லி ஜோடி ஜோடியாக மீன் வாங்கிவந்து விட்டார்கள். பக்தியோடு செய்கிறவர்களைத் தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்? பேச்சின் நடுவே ஒரு கண் தொட்டிப் பக்கம் போய்வரும்.

முன்வரிசையில், தொட்டியை ஒட்டினாற்போல அஞ்சுகம் உட்காருவாள். கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருப்பவள். எல்லோருக்கும் முன்னால் வருவாள். கூடத்து விளக்கை அணைக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். எதுவும் கேட்கவும் மாட்டாள். "பக்தின்னா என்னன்னு அஞ்சுகத்துக்கிட்ட கத்துக்கணும்" என்று அம்மாவே ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார். அஞ்சுகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு ராத்திரி இங்கயே படுத்துக்கட்டுமா?"

அம்மா சிரித்தார். "இங்க இருக்கிற சாமிதாம்மா உன் வீட்லயும் இருக்கு. போய்ட்டு வா."

தணிகாசலமும் சிரித்தார். அஞ்சுகமும் சிரித்த மாதிரிதான் இருந்தது. அதன் பிறகு அவள் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன.

"என்ன வியாதின்னே பிடிபடலம்மா" என்றார் தணிகாசலம். "செதில் வெளுத்துப் போகுது. வால் நைஞ்சு போகுது. கல்லுப்பு போட்டேன். மீன் கடைக்காரர் குடுத்த மருந்தையும் ஊத்தினேன். கண்ணு பட்டிருக்குமோன்னு எலுமிச்சம்பழம்கூடக் கட்டியாச்சு."

"மீனைப் பாத்தீங்க. தண்ணியப் பாத்தீங்களா?"

"தண்ணி தெளிவாத்தானே இருக்கு?"

அம்மா எழுந்து வந்தார். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையைத் தொட்டிக்குள் விட்டார். அடியில் கிடந்த கூழாங்கல்லில் ஒரு பிடி அள்ளி, டம்ளரில் போட்டு அவரிடம் நீட்டினார்.

தணிகாசலம் முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகின முட்டை நாற்றம். கல்லுக்கு நடுவே பொரி ஊறிக் கருத்துக் கிடந்தது.

"இதுலயா இத்தனை நாள் இருந்துச்சுங்க?"

"இதுலதான். சரி, பகல்ல கீழதானே சுத்திக்கிட்டிருக்கு. சாயங்காலம் மட்டும் ஏன் மேல வருது?"

"அது உங்க பேச்சுக்கும்மா." இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

அம்மா தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீருக்குள் காற்றை அனுப்பும் சின்ன மோட்டார் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தம் சாயங்காலத்துல எனக்குக் கேட்டதே இல்லையே, ஐயா."

"எப்படிக் கேக்கும்? நீங்க வந்து உக்காந்ததுமே நான் பிளக்கைப் பிடுங்கிடுவேனே" என்றார் தணிகாசலம் பெருமையாக. "ஒரு நாள்கூட மறந்தது கிடையாது. இந்த இரைச்சல்ல உங்க பேச்சு யார் காதுல விழும்?"

அம்மாவின் முகம் மாறியது.

"இன்னிக்குப் பிடுங்க வேண்டாம்."

அன்று சாயங்காலம் அம்மா மோட்டார் இரைச்சலோடுதான் பேசினார். ஒரு மீனும் மேலே வரவில்லை. கூட்டம் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தது. "இன்னிக்குப் பேச்சு எடுபடல போலிருக்கு" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது நன்றாகவே கேட்டது. சிலர் பாதியில் எழுந்து போனார்கள். பொரிப் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூடம் காலியானதும் அம்மா சொன்னார்: "இப்பப் பிடுங்குங்க."

தணிகாசலம் பிளக்கைப் பிடுங்கினார். இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மீன் மேலே வந்தது. பின்னால் இன்னொன்று வந்தது. பிறகு எல்லாம் வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

"நான் ஒண்ணுமே பேசலையே, ஐயா."

தணிகாசலம் பதறிப்போய் பிளக்கை எடுத்துச் செருகப் பார்த்தார். கம்பமேறி மின்சாரத்தோடு பழகிய கைதான். ஆனால் அன்று ஒரே தடவையில் செருக முடியவில்லை. மோட்டார் ஓடத் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் மீன்கள் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கின.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு முட்டித்தான் வந்துச்சுங்களா? நாம கையெடுத்துக் கும்பிட்டோமேம்மா. நானே நிறுத்திட்டு, நானே கும்பிட்டேனே."

அம்மா அவரைத் தேற்றவில்லை. தேற்றுகிற நிலையில் அவரும் இல்லை.

"அஞ்சுகம் ஏன் வர்றதில்ல?" என்று கேட்டார்.

"சொல்ல மறந்துட்டேம்மா. பெரியாஸ்பத்திரியில இருக்கா. மாடிப்படியில விழுந்து கை உடைஞ்சு போச்சாம். அவ புருஷன் வந்து சொல்லிட்டு, திருநீறு வாங்கிக்கிட்டுப் போனான்."

"அவ வீடு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? பியூஸ் போட எத்தனை தடவை போயிருக்கேன். ஓட்டு வீடு. ஒத்தை அறை..."

தணிகாசலம் நிறுத்திக்கொண்டார். அம்மாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அம்மா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். தணிகாசலம் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்கா? அவ புருஷனும் அங்கதான் இருப்பான். இப்பப் போய் அவகிட்ட என்ன பேசப்போறீங்க?"

அன்று அஞ்சுகம் நின்ற அதே படியில் அம்மா நின்றார்.

"பேசறதுக்குப் போகல, ஐயா. அவ படுக்க இடம் கேட்டா. நான் சாமியப் பத்திப் பேசி அனுப்பிட்டேன்."