கண்ணில் படாத காய்

மகள் வயதுள்ள ஒருத்தியிடம் போய், "எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்க ஒரு மனிதருக்கு எவ்வளவு நாள் வேண்டும்? நாச்சிமுத்துவுக்கு ஆறு மாதம் வேண்டியிருந்தது.

அந்த ஆறு மாதமும் அவர் செல்வநாயகியின் தோட்டத்து வழியாகத்தான் சந்தைக்குப் போய்வந்தார். மொபெட்டை நிறுத்தி வேலிக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். "என்ன பெரிய வித்தை" என்று முனகிவிட்டு மறுபடி முறுக்குவார்.

செல்வநாயகி காய்கறி விற்பவள் இல்லை. காய்கறி விதை விற்பவள். பூச்சிமருந்தும் உரமூட்டையும் படாத மண்ணில் வெண்டை, கத்தரி, பீர்க்கு, அவரை என்று வளர்த்து, முற்றவிட்டு, காயவைத்து, சலித்துப் பொட்டலம் போடுவாள். ஆடிப்பட்டம் நெருங்கினால் அவள் வாசலில் நாலு மாவட்டத்து விவசாயிகள் நிற்பார்கள். வயது முப்பத்திமூன்று. அதிகம் பேசமாட்டாள். பேசாத ஆளிடம் பேச்சுக் கொடுப்பதற்கு நாச்சிமுத்துவைப் போன்ற வாய்க்காரர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

தீபாவளிக்கு வந்த மகன் லோகநாதன்தான் அவரை வேலிக்கு உள்ளே தள்ளியது. திருப்பூரில் வேலை பார்க்கிறவன். "காய் போட்டு நீங்க படற பாடு போதுமப்பா. கோழிப்பண்ணைக்காரங்க ரெண்டு ஏக்கரையும் குத்தகைக்குக் கேக்கறாங்க. குடுத்துட்டு நிம்மதியா உக்காருங்க" என்றான்.

கொட்டகை கட்டி, சிமெண்ட் தளம் போட்டுவிட்டால் அப்புறம் அதில் எதை விதைப்பது? நாச்சிமுத்து யோசிக்கவே இல்லை. "ஆடி வரைக்கும் பொறு. விதை வியாபாரம் பண்ணப் போறேன். முடியலைன்னா நீ காட்டற இடத்துல கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டார். வாய் சொல்லிவிட்டது. தொழில் தெரியாது.

தை மாதத்தில் ஒரு தகர டப்பாவோடு செல்வநாயகியின் முன்னால் போய் நின்றார்.

"இருபது வருசமா நானே எடுத்து வெக்கற வெண்டை விதை, அம்மிணி. ஆறு வருசமா மருந்து காட்டினதில்லை. சான்றிதழ் இருக்குது. இதை வாங்கி வித்துக்கோ. ஆடிக்கு இன்னும் எவ்வளவு வேணும்னு சொல்லு, போட்டுத் தள்ளிடறேன்."

செல்வநாயகி டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினாள்.

"விதைக்குன்னு எந்தக் காயை விட்டீங்ணா?"

"எதையும் விடலை. விட்டா சந்தைக்கு என்னத்தைக் கொண்டு போறது?"

"அப்ப இது?"

"பறிக்கறப்ப கண்ணுல படாமத் தப்பிச்சது. பத்து நாள் கழிச்சுப் பாத்தா செடிக்குள்ள முத்திப்போய் நிக்கும். வீணாக்குவானேன்னு காயவெச்சு எடுத்துக்குவேன். எல்லாரும் பண்றதுதானே."

அவள் அந்த ஒரு பிடியை மட்டும் வைத்துக்கொண்டு டப்பாவை மூடிக் கொடுத்தாள்.

"கிணத்துக்கு அந்தாண்ட ஒரு சால் தர்றேன். இதைப் போடுங்க. பக்கத்துச் சால்ல என்னோட விதையைப் போடறேன். ஒரே தண்ணி, ஒரே எரு. காய் வந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்களே வந்து பறிக்கோணும்."

"நான் விதைத் தொழில் கத்துக்க வந்தேன் அம்மிணி. வெண்டைக்காய் பறிக்க எனக்குத் தெரியும்."

"தெரியும்ணா. அதனாலதான் பறிக்கச் சொல்றேன்."

அந்தத் துண்டு நிலம் அவளுடைய விதைப் பயிர்களிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தது. யார் விதை கொண்டுவந்தாலும் அங்கே ஒரு சால், ஒரே ஒரு வரிசை, போட்டுப் பார்ப்பாள். அது வளர்ந்து காய்த்துக் காட்டும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாச்சிமுத்து இதைக் கொஞ்சம் திமிர் என்றுதான் நினைத்தார்.

நாற்பதாம் நாள் அவள் சாலில் பூ வந்தது. அவர் சால் பச்சைப் பசேலென்று நின்றது. பூ மட்டும் இல்லை.

"தண்ணி உன் சாலுக்குத்தான் முதல்ல பாயுது" என்றார் நாச்சிமுத்து.

மறுநாள் மடையை மாற்றிவிட்டாள். அவர் சாலுக்கு முதல் தண்ணீர்.

"என்னோட பக்கம் வேப்பமரத்து நிழல் விழுது."

அரிவாளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். ஏறி, கிளையைக் கழித்து, வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். அதற்கப்புறம் குற்றம் சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அவர் சால் பூத்தது.

காய்ப்பும் ஒரு தினுசாகத்தான் இருந்தது. அங்கே கூலிக்குப் பறிக்க வரும் மாராத்தாள் ஒரு காலையில் அவருக்கு ஒத்தாசையாக இறங்கி, கொஞ்ச தூரத்திலேயே இரண்டு சாலுக்கும் நடுவில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது யார் வெண்டையோ தெரியலைங்க. காயெல்லாம் தண்டோட ஒட்டிக்கிட்டு இலைக்கடியில உக்காந்திருக்குது. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு. அந்தச் சால்ல நடந்துக்கிட்டே பறிக்கலாம்."

"கை பழகோணும்" என்றார் நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆனால் கடந்த சில வருடங்களாக அவர் தோட்டத்துக்குப் பறிப்பாட்கள் ஏன் வர மறுக்கிறார்கள் என்பது சட்டென்று ஞாபகம் வந்தது. ஆட்களுக்குச் சோம்பல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

அன்று காலையே செல்வநாயகியைத் தேடிப் போனார்.

"விதை நல்லாத்தானே முளைச்சுது? செடியும் வாட்டமில்லை. பின்ன ஏன் அம்மிணி இது இப்பிடிப் பண்ணுது?"

"உங்க சாலை இன்னைக்கு நீங்க ஒருத்தரே பறிங்ணா. சந்தைக்குப் பறிக்கற மாதிரி. ஒண்ணு விடாம."

நாச்சிமுத்து பறித்தார். நாற்பது வருடம் பறித்த கை. போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம். கூடையை அவள் முன்னால் வைத்தார்.

"இனி ஒரு காய் இருந்தா மீசையை எடுத்துக்கறேன்."

செல்வநாயகி எழுந்து போனாள். ஒவ்வொரு செடியின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து, இலையை விலக்கிப் பார்த்து, அடுத்ததுக்கு நகர்ந்தாள். திரும்பி வந்தபோது அவள் மடியில் ஏழு காய் இருந்தது. இரண்டு அன்றைய காய். மற்ற ஐந்தும் முந்தைய பறிப்புகளில் தப்பியவை. தடித்து, நார் ஏறிக் கிடந்தன. அவருடைய துண்டை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தாள்.

நாச்சிமுத்து மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இது என்ன?"

"உங்க டப்பாவுல போடறதுங்ணா."

அவர் அந்த ஏழு காயையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முதலில் காய்த்தது, வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, கைக்கு எட்டினது எல்லாம் இருபது வருடமாகச் சந்தைக்குப் போயிருக்கிறது. கடைசியில் வந்ததும் இலைக்குள் ஒளிந்ததும் மட்டும் வீட்டுக்கு வந்து விதையாகியிருக்கிறது. அதன் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பிந்தி வந்து, இன்னும் கொஞ்சம் நன்றாக ஒளிந்திருக்கின்றன. அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரும் திட்டாததால் இன்னும் அதிகமாக இருந்தது.

இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். வெட்கம் போய்விடவில்லை, ஆனால் ஆடியும் நில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"இனி நான் என்ன பண்ணோணும்னு சொல்லுங்க."

'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது. அது அவர் கவனத்துக்கே வரவில்லை.

"உங்க சால்ல முதல்ல பூத்த செடி எது?" என்றாள்.

"தெரியலீங்களே."

நாச்சிமுத்து சாலுக்குள் போய்க் குந்தினார். பறித்த காம்பின் தழும்பு தண்டில் எங்கே தொடங்குகிறது என்று செடி செடியாகப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் முழங்கால் உயரத்தில்தான் முதல் தழும்பு. அறுபது செடியில் மூன்றே மூன்றில் மட்டும் சாணுயரத்தில் தொடங்கியது. முந்திப் பூத்தவை அவைதான். அந்த மூன்றிலும் காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றுக்கும் சிவப்புத் துணி கட்டினார்.

"இதுல வர்ற காயை இனிப் பறிக்காதீங்ணா. சாயங்காலமானா, நாளைக்கு விரியப்போற மொட்டைப் பாத்து நுனியை நூலால கட்டிடுங்க. இல்லைன்னா தேனீ பக்கத்துச் சால் மகரந்தத்தை இதுல கொண்டுவந்து கலந்துடும்."

"அப்ப இனிமே முதல் காயை விதைக்கு விடோணும்."

"ஆமாங்ணா."

"முதல் பறிப்பு எங்க வழக்கத்துல கருப்பராயனுக்குங்களே."

"கடைசிப் பறிப்பைக் குடுங்க. சாமி அதை விதைக்கவா போகுது?"

அன்று தொடங்கினார். வெண்டைச் சுணை விரலெல்லாம் அரித்தது. பருத்த விரல்களுக்கு நூல் அகப்படவில்லை. முதல் வாரம் கட்டியதில் பாதி மொட்டு ஒடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கட்டினார். ஒரு சாயங்காலம்கூட விடவில்லை. சொந்த பந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் மொட்டுக் கட்டவேண்டும் என்று பந்தியில் உட்காராமல் திரும்பினார். பந்தியை விட்டு வரும் மனிதர் அவர் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

நூல் கட்டுவதுகூடப் பெரிதில்லை. முற்றுகிற காயைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் கொடுமை. வழியில் போகிறவர்கள் சும்மா போகவில்லை.

"ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, காய் முத்திப்போச்சே! கண்ணு மங்கிப் போச்சுங்களா?"

ஒருநாள் அவர் கை அவரைக் கேட்காமலே போய், நூல் கட்டி வந்த இளங்காய் ஒன்றை ஒடித்துவிட்டது. ஒடித்த பிறகுதான் தெரிந்தது. குழந்தையைக் கீழே போட்டுவிட்டவர் மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு செல்வநாயகியிடம் ஓடினார்.

"பழக்க தோசத்துல ஒடிச்சுட்டேனுங்க. இப்ப என்ன பண்றது?"

"குழம்புல போடுங்ணா."

வைகாசியில் காய்கள் காய்ந்து முதுகு வெடித்தன. உதிர்த்து, புடைத்து, நிழலில் உலர்த்தினார். எல்லாம் சேர்ந்து இரண்டு கை விதை.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. லோகநாதன் குத்தகைப் பத்திரத்தோடு வந்தான். வீட்டில் அப்பா இல்லை என்று அறிந்து செல்வநாயகியின் தோட்டத்துக்கே வந்துவிட்டான். அப்பா ஒரு முறத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஆறு மாசத்துக்கு இவ்வளவுதானாப்பா?"

நாச்சிமுத்து முறத்தை மடியோரம் இழுத்துக்கொண்டார். இரண்டு கை விதையை வைத்துக்கொண்டு வியாபாரம் என்று எந்த வாயால் சொல்வது? பத்திரம் மகன் சட்டைப்பையில் மடங்கி நின்றது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

செல்வநாயகி உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"என்னோட வெண்டை விதைங்ணா. உங்க ரெண்டு ஏக்கர்லயும் போடுங்க. மொட்டுக் கட்டின கையை நான் பாத்திருக்கேன். விளையற விதை பூராவும் நானே விலைக்கு எடுத்துக்கறேன்."

லோகநாதனின் முகம் மாறியது. அவன் கெட்டவன் இல்லை, அப்பா கஷ்டப்படக் கூடாது என்று நினைக்கிறவன், அவ்வளவுதான். "இது போதுமேப்பா. பண்ணைக்காரங்களுக்கு வேண்டாம்னு நானே சொல்லிடறேன்" என்றான்.

நாச்சிமுத்து முறத்தைக் கையில் எடுத்தார்.

"அப்ப இதை எங்கீங்க போடறது?"

"ரெண்டு வெண்டை ஒரே நிலத்துல ஆகாதுங்களே."

"அதையே ஏம்ப்பா பிடிச்சுட்டு நிக்கறீங்க?" என்றான் மகன். "பையை வாங்குங்க."

நாச்சிமுத்து பையை வாங்கினார். கொஞ்ச நேரம் அதன் கனத்தைக் கையில் வைத்துப் பார்த்தார். இரண்டு ஏக்கரும் மானமும் அந்தப் பைக்குள் இருந்தன. பிறகு அதைச் செல்வநாயகியிடமே நீட்டினார்.

"அப்பா!" என்றான் லோகநாதன்.

"வெண்டை வேண்டாமுங்க" என்றார் நாச்சிமுத்து. "பீர்க்கும் அவரையும் இருந்தாக் குடுங்க. அதுக்கும் வெண்டைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எந்தத் தேனீயும் அதுகளைக் கலக்க முடியாது. நிலம் பூரா அதைப் போட்டு உங்களுக்கு விதை எடுத்துத் தர்றேன். கிணத்தோரம் ஒரு மூலையில மட்டும் என்னோடது நிக்கட்டும்."

செல்வநாயகி சிரித்தாள். அந்த ஆறு மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே போய், பீர்க்கு விதை ஒரு பையும் அவரை விதை ஒரு பையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

லோகநாதன் பத்திரத்தை வெளியே எடுக்கவில்லை. முறத்தில் கிடந்த விதையை ஒரு விரலால் கிளறிப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, நீங்களே சொல்லுங்க. இவரோட வெண்டை உங்க வெண்டை மாதிரி ஆக எத்தனை வருசமாகும்? அஞ்சா, பத்தா? அவருக்கு இப்பவே ஐம்பத்தெட்டு."

நாச்சிமுத்துவும் அவளைப் பார்த்தார். அதே கேள்வி அவர் தொண்டையில் ஒரு மாதமாக நின்றுகொண்டிருந்தது. கேட்கத்தான் பயம்.

செல்வநாயகி முறத்திலிருந்து ஒரு விதையை எடுத்து மகனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்கப்பா திரும்பிக்கூடப் பாக்காம ஒரு வெண்டையை இந்த அளவுக்கு மாத்தியிருக்காரு, தம்பி. இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்காரு. அதுக்கு நான் எப்படி வருசம் சொல்றது?"