நாற்பது ஓலைகளும் ஓர் ஆமையும்

குறிஞ்சிக் காட்டில் ஒரு மயில் வைத்தியம் பார்த்துவந்தது. தோகையை விரித்துக்கொண்டுதான் நாடி பிடிக்கும். அதற்கே பாதி நோயாளிகள் மயங்கிவிடுவார்கள்.

அந்த மழைக்காலத்தில் முயல்களுக்கு வயிறு உப்பும் நோய் வந்தது. சுணங்கி என்ற தாய்முயலின் மூன்று குட்டிகளும் படுத்துவிட்டன. அது மயிலிடம் ஓடியது.

"கவலைப்படாதே! நூல்களைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பேன்!" என்றது மயில்.

காட்டின் மருத்துவ ஓலைகள் எல்லாம் ஒரு குகையில் இருந்தன. காவல் முள்ளம்பன்றி.

"வயிற்று உப்புசம் பற்றிய ஓலைகளை எடு!" என்று மயில் அதட்டியது.

நாற்பத்தோரு ஓலைகள் வந்தன. மயில் தலைப்புகளை மட்டும் புரட்டியது. 'உப்புசத்துக்கு ஒரே மருந்து!' 'காட்டாமணக்கின் பெருமை!' 'அறிஞர்கள் வியக்கும் கொட்டை!' நாற்பது ஓலைகள் இப்படிப் பளபளத்தன. ஆமை எழுதிய ஒன்று மட்டும், 'உப்புசம் கண்ட இருபது முயல்களில் பத்துக்குக் காட்டாமணக்குக் கொட்டை கொடுத்தும், பத்துக்குக் கொடுக்காமலும் பார்த்தது' என்று நீண்டது.

"இதற்குத் தலைப்பு வைக்கக்கூடத் தெரியவில்லை!" என்று மயில் அதைத் தூக்கிப் போட்டது.

"வைத்தியரே, அந்த நாற்பது பேரில் மருந்தைக் கொடுத்துப் பார்த்தவர் யார்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"நாற்பது பேர் பொய் சொல்வார்களா? நீ ஓலையைத் தூசி தட்டு, போதும்!"

மயில் திரும்பிவந்து கொட்டையை அரைத்து இரண்டு குட்டிகளுக்குப் புகட்டியது. உச்சிவேளைக்குள் இரண்டும் இறந்துவிட்டன. மூன்றாவது குட்டியின் வாயருகே மயில் மருந்தை இலையில் ஏந்தி நீட்டியபோது, சுணங்கி அதைத் தட்டிவிட்டது. குட்டியைக் கவ்விக்கொண்டு நேரே குகைக்கு ஓடியது.

"அந்த ஓலைகளை எனக்குப் படித்துக் காட்டு!" என்று அழுதது.

முள்ளம்பன்றி படித்தது. முதல் ஓலையில், 'கிளியார் சொன்னபடி' என்றிருந்தது. கிளியின் ஓலையில், 'நரியார் எழுதியபடி.' நரியின் ஓலையில், 'ஆமையார் இதை ஆராய்ந்திருக்கிறார். ஆகவே நல்ல மருந்தாகத்தான் இருக்கும்!' மற்ற ஓலைகளும் சுற்றிச் சுற்றி நரியிடமே போய் நின்றன.

"நரி தலைப்போடு நிறுத்திவிட்டது!" என்றது முள்ளம்பன்றி. பிறகு ஆமையின் ஓலையை எடுத்தது. எந்த முயல்கள், எப்படிப் பிரித்தது, எத்தனை நாள், ஒவ்வொன்றுக்கும் என்ன ஆயிற்று என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி இது: 'கொட்டை தின்ற பத்தில் ஆறு செத்தன, கொடுப்பதை நிறுத்திவிட்டேன். வெறும் அருகம்புல் தின்ற பத்தில் ஒன்பது பிழைத்தன.'

சுணங்கி வெளியே போய் அருகம்புல் பறித்துவந்து குட்டியின் பக்கத்தில் வைத்தது. இரண்டு நாள் அது கண்ணே திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு புல்லை மெல்லக் கடித்தது.

அன்றே சுணங்கி மயிலிடம் போனது.

"வைத்தியரே, என் குட்டிகளுக்குக் கொடுப்பதற்கு முன் எத்தனை பேருக்கு அந்தக் கொட்டையைக் கொடுத்துப் பார்த்தீர்கள்?"

"நானா? எனக்குப் படிக்கவே நேரம் போதவில்லை!"

"படிக்கவும் இல்லையே!" என்றது சுணங்கி.

வைத்தியத்துக்காகச் சுற்றி உட்கார்ந்திருந்த விலங்குகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. அதன்பின் எந்த நோயாளியும் மயிலிடம் வரவில்லை. மயிலுக்கு ஓய்வு நிறையக் கிடைத்தது. உட்கார்ந்து ஓர் ஓலை எழுதியது: 'காட்டாமணக்கு: என் அனுபவம்.' செத்த குட்டிகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்துவிட்டுக் கிளி உடனே இன்னொன்று எழுதியது.

எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாமல், சோதித்துப் பார்த்தவர் யார் என்று தேடிப்பிடித்து, அவர் எழுதியதைக் கடைசி வரிவரை படிப்பவரே பிழைப்பார்.