தாழை சுமந்த தூது

அல்லிக்குளத்துக் காட்டைப் பெருஞ்சடையன் என்ற சிங்கம் ஆண்டு வந்தது. ஆண்டு வந்தது என்பது பேருக்குத்தான். காவலுக்கு வைத்த கழுதைப்புலிகள் அடுத்தவர் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போயின. யார் வந்து முறையிட்டாலும் சிங்கம், "விசாரிக்கிறேன்!" என்று சொல்லிவிட்டுக் குகைக்குள் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

பொறுத்துப் பார்த்த செந்நாய்கள் ஒருநாள் கூட்டமாக மலையேறின. "இனி இவன் எங்களுக்கு ராஜா இல்லை!" என்று அவற்றின் தலைவன் கருவாலன் அறிவித்தது.

காடே சந்தோஷப்பட்டது. ஆனால் செந்நாய்களுக்கும் பசித்தது. காலையில் கழுதைப்புலி, மாலையில் செந்நாய் என்று மான்கள் இரண்டு தரப்பாலும் செத்தன.

கடைசியில் சிங்கமும் கருவாலனும் பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்தன. தூது போகத் தாழை என்ற மிளா மானைத் தேர்ந்தெடுத்தார்கள். தூது போகிறவரைத் தொடக்கூடாது. இரண்டு தரப்பும் மீறாத சட்டம் அது ஒன்றுதான்.

அதே வாரம் மிளாக் கூட்டம் காட்டைவிட்டுக் கிளம்பியது.

"தாழை, நீயும் வந்துவிடு! ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கிறது, இப்போதே அக்கரைக்குப் போய்விடலாம்!" என்றது அதன் அக்கா.

"இல்லை அக்கா! நானும் வந்துவிட்டால் தூது போக யார் இருக்கிறார்கள்? சமாதானம் ஆனதும் ஓடிவந்து உங்களைக் கூட்டிவருகிறேன்!"

அக்கா அதன் நெற்றியை ஒருமுறை நக்கிக்கொடுத்தது. பிறகு தண்ணீரில் இறங்கிவிட்டது.

தாழை மலைக்கும் குகைக்கும் நடந்தது. முதல் கூட்டம் குளக்கரையில் கூடியது. நாவல் மரத்து நிழலில் யார் உட்காருவது என்று சண்டை வந்தது. நிழல் நகர்ந்து போயிற்று, இருவரும் திரும்பிப் போனார்கள்.

"முதலில் செந்நாய்கள் மலையைவிட்டு இறங்கட்டும்!" என்று தாழையிடம் சொல்லி அனுப்பியது சிங்கம்.

"முதலில் கழுதைப்புலிகள் காட்டைவிட்டுப் போகட்டும்!" என்றது கருவாலன்.

இரண்டாவது கூட்டத்துக்கு முந்தைய நாள் கழுதைப்புலிகள் ஒரு செந்நாய்க் குட்டியைக் கொன்றன. மூன்றாவது கூட்டத்துக்கு முந்தைய நாள் செந்நாய்கள் பழிதீர்த்தன. சிங்கம், "விசாரிக்கிறேன்!" என்றது.

இதற்குள் முயல்கள் போய்விட்டன. காட்டுப்பன்றிகள் போய்விட்டன. குரங்குகளும் ஒருநாள் சத்தமில்லாமல் போய்விட்டன. தாழை தண்ணீர் குடிக்கக் குனிந்தால், குளத்துக்குள் தெரிந்த இன்னொரு மிளாதான் துணை. சில நாள் அதனிடம் பேசிப் பார்த்தது. பிறகு அதையும் விட்டுவிட்டது. பின்னால் சருகு அசைந்தால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பும். காற்றாக இருக்கும்.

இரண்டு கோடை இப்படியே கழிந்தது. தின்பதற்கு எதுவும் கிடைக்காததால் கழுதைப்புலிகள் வேறு காட்டுக்கு ஓடிப்போயின. எலும்பும் தோலுமாகச் சிங்கம் குளக்கரைக்கு வந்தது. எலும்பும் தோலுமாகக் கருவாலனும் வந்தது. நிழலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

"காவலில் இனிக் கழுதைப்புலிகள் இருக்காது!"

"நாங்களும் இறங்கி வந்துவிடுகிறோம்!"

அவ்வளவுதான். ஒரு தரம் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

"தாழை, போய் எல்லோரையும் கூப்பிடு! சமாதானம் என்று சொல்!" என்றது சிங்கம்.

தாழை காடு முழுவதும் சுற்றிக் கூப்பிட்டது. ஒரே ஒரு முள்ளம்பன்றி மட்டும் வளையிலிருந்து மூக்கை நீட்டியது.

"யாரைக் கூப்பிடுகிறாய்? எல்லோரும் போயாயிற்றே, உனக்குத் தெரியாதா?"

தாழைக்குத் தெரியும். இருந்தாலும் குரல் வற்றும்வரை கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

"எங்கே எல்லோரும்?" என்று சிங்கம் கேட்டது.

"இருந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மீதிப் பேர் ஆற்றைக் கடந்து போனார்கள். முதல் கூட்டத்திலேயே சமாதானம் என்று சொல்லியிருக்கலாமே, ராஜா!"

சிங்கம் வெறிச்சோடிய காட்டைத் திரும்பிப் பார்த்தது. கருவாலன் தரையைப் பார்த்தது.

தாழை அக்காவைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடியது. மேலே மழை பெய்து ஆறு கரை புரண்டு போய்க்கொண்டிருந்தது. அக்கரை கண்ணுக்கே தெரியவில்லை. தண்ணீர் வடியட்டும் என்று அது கரையிலேயே படுத்துக்கொண்டது.

ஆள்பவரும் எதிர்ப்பவரும் வீம்புக்காகச் சமாதானத்தைத் தள்ளிப்போட்டால், அது வந்து சேரும் நாளில் வாழ்வதற்கு அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.