அறை நிறைந்த கதை

நாட்டை விட்டு வந்தும் தலைவர் பதவியை விடாத மனுசன் இரட்ணசபாபதி. கனடாவின் ரொறன்ரோ நகரில் அகதிகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்துக்கு இருப்பதோ ஒரே அறை. வகுப்பு நேரம் பார்த்துத்தான் நிர்வாகசபை அதில் கூடும். கூடினால் லேசில் கலையாது. அதுவரை மாணவர் வெளியே நிற்கட்டும், பனி ஆளைத் தின்னாது என்று தீர்மானம் வேறு.

தேத்தண்ணி கொண்டுவந்த மாணவி தவமலரைப் பார்த்துத் தலைவர் சீறினார்.

"நான் வாற நேரமெல்லாம் வகுப்பில ஒருத்தரையும் காணேல்லை! அடுத்த கூட்டத்துக்குள்ள இந்த அறை நிறையாட்டி வகுப்பை மூடிப்போடுவம். நிறைச்சுக் காட்டுவியோ, பிள்ளை?"

"அடுத்த கூட்டம் என்னத்துக்கு, ஐயா? இப்பவே நிறைக்கிறன். எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ."

எழும்பினார்கள். அவள் கதவைத் திறந்தாள். விறைத்துப்போய் நின்ற மாணவர்கள் திமுதிமுவென்று வந்து கதிரைகளை நிறைத்தார்கள்.

"அப்ப நாங்கள் எங்க இருக்கிறது?"

"வகுப்பு முடியுமட்டும் வெளியில நில்லுங்கோ, ஐயா. பனி ஆளைத் தின்னாது எண்டு நீங்கள்தானே தீர்மானம் போட்டனீங்கள்!"